‘போலாம் ரைட்’ சொன்னது யாருக்கு

மஞ்சப்பையைப் பிரித்ததுமே கிராம்பு வாசனை வந்துவிட்டது. உன் மவுத் ஆர்கனைத்தான் சொல்கிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, வாசனை இன்னும் போகவில்லை. வாசிப்பதற்கு முன்னால் ஒரு கிராம்பைக் கடித்துக்கொள்வாய். தொண்டைக்கு நல்லது என்பாய். தொண்டைக்கு என்ன நல்லது செய்ததோ தெரியாது, பித்தளைத் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் அந்த வாசனை போய் உட்கார்ந்துகொண்டது. நேற்று உன் மனைவி கலா கடைக்கு வந்து அதை என் மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இன்று காலையில் ஒரு பெரியவருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் திருவூடல் தெரு முனை வரைக்கும் தடவிக்கொண்டே போய்விட்டு, திரும்பி வந்து திட்டினார். அதுவும் உன்னால் வாங்கிய திட்டுதான்.

“அவரு போன் பண்ணாருண்ணா” என்று ஆரம்பித்தாள் கலா. அவர் என்றால் நெட்டையர். அந்தப் பெயரை வைத்தவன் நீ. உன்னை வைத்து ரெக்கார்டு போட்ட அந்த வெளிநாட்டுக் கிட்டார்க்காரருக்கு, நம் கடை வாசலில் ஒவ்வொரு முறையும் தலை இடிக்கும். அவர் உன் நினைவாக இரண்டாவது ரெக்கார்டு போடப்போகிறாராம். அதற்குச் சரக்கு வேண்டுமாம்.

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இவரு இங்க வந்து வாசிச்சதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான இருக்குது. அத்த குடுத்தீங்கன்னா பொண்ணு அனுப்பிடும்” என்றாள். பிறகு மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “அதுல இருக்கிற கிட்டார இப்பல்லாம் தனியா எடுத்துடலாமாம். ஆர்கன் மட்டும் சுத்தமா நிக்குமாம்” என்றாள்.

அந்தக் கிட்டார் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. உன்மேல் இருக்கிறது. செத்தவனோடு என்ன சண்டை என்று ஊர் சொல்லும். உயிரோடு இருந்தபோது போடாத சண்டையை வேறு எப்போது போடுவது?

நாம் எப்படி ஆரம்பித்தோம் என்று நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. மூக்குக் கண்ணாடி ஒடிந்து வந்த ஒரு வெள்ளைக்காரர், ஒட்டிக் கொடுத்த சந்தோஷத்தில் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். மேலே பெயரும் இல்லை, ஊரும் இல்லை. உள்ளே ஒருவர் கிட்டார், ஒருவர் மவுத் ஆர்கன், நடுநடுவே தொண்டை கட்டிய ஒரு குரல். அதற்கு ப்ளூஸ் என்று பெயர் என்பதே நமக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நீ அப்போது கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ்ஸில் புதிதாகக் கண்டக்டர். கார்த்திகை தீபத்துக்குப் போட்ட கடையில் வாங்கிய மவுத் ஆர்கன் ஒன்று உன் காக்கிச் சட்டைப் பையில் கிடக்கும். நான் கல்யாணக் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசித்துவிட்டு, அப்பாவுக்குப் பிறகு கண்ணாடிக் கடைக்குள் வந்து உட்கார்ந்தவன். இரண்டு பேரும் அந்தக் கேசட்டை இரண்டே தடவைதான் முழுதாகக் கேட்டோம். மூன்றாவது தடவை என் டேப் ரெக்கார்டர் அதை மென்று துப்பிவிட்டது.

நாடா முழுக்கக் கசங்கிப்போய், பிழைத்தது ஒரே ஒரு பாட்டின் ஒரே ஒரு சுற்று. அதிலும் நடுவில் கொஞ்சம் நைந்திருந்தது. நைந்த இடத்தை பிளேடால் நறுக்கி, செல்லோடேப் போட்டு ஒட்டினேன். லென்ஸ் வேலை பார்க்கிற கை. ஒட்டு தெரியாமல் ஒட்டினேன். அந்த ஒரு சுற்றைத்தான் ரீவைண்ட் பண்ணிப் பண்ணி வருஷக்கணக்கில் பாடம் பண்ணினோம். ப்ளூஸுக்கு ஒரு சுற்று என்றால் பன்னிரண்டு தாளக் கட்டம் என்பதும், பன்னிரண்டு முடிந்தால்தான் பாட்டு தலைக்கு, ஆரம்பித்த இடத்துக்கு, திரும்பும் என்பதும் உலகத்துக்கே தெரிந்த விஷயமாம். நான் நறுக்கி எறிந்ததில் ஒரு கட்டம் போய்விட்டது. நமக்கு ப்ளூஸ் என்றால் பதினொன்று. அந்த மெட்டில் நாமே கட்டிய பாட்டெல்லாம் பதினொன்றில்தான் திரும்பியது.

முதலில் கண்டுபிடித்தது பம்பைக்காரர்தான், நினைவிருக்கிறதா? நீ யாரோடும் போய் உட்கார்ந்து வாசிக்கிற ஆள். கீழ்பென்னாத்தூர் மாதா கோயில் பாட்டுக்குழு, செங்கம் ரோட்டு டீக்கடையில் தபேலா கற்றுக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்கார அம்மா, அம்மன் கோயில் கூழ் ஊற்றும்போது பம்பை. உனக்கு யாரும் வேற்றாள் இல்லை. பம்பைக்காரர் நாலு சுற்று அடித்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். “இன்னாபா இது, ஒவ்வொரு தபாவும் ஒண்ணு கம்மியா திரும்புற?” என்று கேட்டார். பாவம், அவருக்கு இங்கிலீஷ் பாட்டு புரியவில்லை என்று நாம் இருவரும் வரும் வழியெல்லாம் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்குவேன். நீ குனிந்து உள்ளே வருவாய். பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மெஷினைத் தள்ளிவிட்டு, இரண்டு ஸ்டூல். என் முழங்காலும் உன் முழங்காலும் இடிக்கும். நடுவில் எவர்சில்வர் டம்ளரில் போனை நிறுத்தி ரெக்கார்டு போடுவேன். என் செருப்புக் கால் காலி லென்ஸ் பெட்டியில் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டு இல்லாவிட்டால் உனக்கு வாசிப்பே ஓடாது. நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றே வாழ்கிறவன் நீ, உனக்குத் தாளம் காதில் இல்லை, காலுக்குக் கீழே அதிர்ந்தால்தான் தெரியும். ஃபேனை நிறுத்தச் சொல்லுவாய். கிராம்பைக் கடிப்பாய். பிறகு பஸ்ஸில் சொல்வதுபோலவே, “போலாம் ரைட்”. நான் கிளப்புவேன்.

மவுத் ஆர்கனை ஊரே ஊதும். நீ இழுப்பாய். மூச்சை உள்ளே இழுக்கிறபோது அந்தச் சுரம் வளைந்து கீழே இறங்கும். ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு விழுகிற பஸ் முனகுவதுபோலவே இருக்கும். “வெளிய வுடுற காத்து ஊருக்கு. உள்ள இழுக்கிறதுதான் நம்மளுது” என்று ஒருமுறை சொன்னாய். நான் அதைக் கடை டைரியில் எழுதி வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலைக்கனம் வந்திருக்கும்.

இப்படி அறுபத்துமூன்று பாட்டு. அதற்குள் நெட்டையர் வந்து சேர்ந்தார்.

அடி அண்ணாமலையில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் இரண்டு நாள். கிரிவலக் கூட்டம் வராத நாளாகப் பார்த்து வைத்தார். சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தியிருந்தார். உன்னைக் கூடத்தில் உட்காரவைத்து, என்னைச் சமையலறைக்குள் தள்ளி, இரண்டு பேர் காதிலும் ஹெட்போனை மாட்டினார். கிட்டாரும் ஆர்கனும் ஒன்றில் ஒன்று கலக்கக் கூடாதாம், தனித்தனியாக வேண்டுமாம். நீ ரைட் சொன்னாய், நானும் தட்டினேன். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் நீ தாளத்தில் தடுக்கி விழுந்தாய். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாய்.

“சார், டிரைவர் எங்கயோ இருந்தா நான் எப்படி சார் வண்டி வுடறது?” என்று தமிழிலேயே அவரிடம் கேட்டாய்.

நாற்காலியை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்து, என் முழங்காலில் முழங்காலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் வேறு வழியில்லாமல் அப்படியே எடுத்தார். நாம் பதினொன்றில் திரும்பியதைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு விரல் விட்டு எண்ணினார், பிறகு சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறபோது உன்னைப்பற்றி எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. என்னை விட்டு வாசிக்க மாட்டேன் என்று ஒரு பெரிய மனிதர் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நீ என்று நினைத்துக்கொண்டேன். நீ சொன்னது அதுவா, அல்லது காலுக்கு அடியில் ஏதாவது அதிர்ந்தால் போதும் என்பதா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து ரெக்கார்டு வந்தது. பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாய். “டிரிப்புக்கு டைம் ஆச்சு” என்று உட்காராமல் போனாய். டிரிப்புக்கு நடுவே அரை மணி நேரம் என் கடையில் கதையடிக்கிற ஆள், அன்று மட்டும் அப்படி ஓடினாய். அட்டையில் நீ ஒருவன் மட்டும், பின்னால் மலை. திருப்பினேன். மவுத் ஆர்கன் என்று போட்டு உன் பெயர். கிட்டார் என்று போட்டு அவர் பெயர். அச்சுப்பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், அவ்வளவு நல்லவன் நான். கீழே பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். மலைக்கு நன்றி, மயில்களுக்கு நன்றி, அடி அண்ணாமலை டீக்கடைக்கு நன்றி, அதற்கும் பிறகு ‘கண்ணாடிக் கடை நண்பருக்கு’ நன்றி. டீக்கடைக்காரர் பெயராவது போட்டிருந்தது.

அதே பாட்டுகளைப் போனில் தேடிப் போட்டு, காதில் மாட்டிக் கேட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் உன் குரல் இருந்தது. “போலாம் ரைட்.” அதை மட்டும் வெட்டவில்லை, கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்குமே. உடனே அவர் கிட்டார் கிளம்பியது. அந்தச் சமையலறையில் உட்காராத மனிதர், நீ அவரிடம் சொல்லாத ரைட்டுக்கு வண்டியை எடுத்தார். அடியில், ரொம்ப அடியில், இன்னொரு கிட்டார் கேட்டது. நீ முழங்கால் இடிக்க உட்கார்ந்ததால் உன் மைக்கிலேயே நானும் விழுந்திருந்தேன். என் கால் தட்டும் விழுந்திருந்தது. உன்னை எடுக்காமல் என்னை எடுக்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள்.

இதில் ஒரு கூத்து உண்டு. நான் பதினொன்றில் திரும்பினால் அவரும் பதினொன்றில்தானே திரும்ப வேண்டும்? என்மேல் தன்னைப் பூசி மறைப்பதற்காக, நான் செல்லோடேப்பில் பண்ணிய தப்பை அவர் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியிருந்தார். அந்தப் பதினொன்று உன்னுடைய தனிப்பாணி என்று உறைக்குள் இருந்த தாளில் ஒரு பத்தி எழுதியிருந்தது. அடியில் கேட்கிற மங்கலான அதிர்வு கோயில் நகரத்தின் மூச்சு என்றும் எழுதியிருந்தது. அது என் ஒன்பதாம் நம்பர் செருப்பு.

மறுநாள் நீ வந்தாய். கடையில் யாரும் இல்லை.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றேன்.

“கேட்டாருடா. கிட்டார் மட்டும் நான் போட்டுக்கட்டுமான்னாரு. சரின்னேன்.”

“சரின்னியா?”

“நீதான் கடைய வுட்டுட்டு எங்கயும் வரமாட்டியே. பாண்டிச்சேரிக்குக் கூப்ட்டேன், வரல. பெங்களூருக்குக் கூப்ட்டேன், வரல. வெளிநாட்டுக்குப் போய் வாசிக்கணும்னா பக்கத்துல ஆளு வேணாமா? நீ இதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டன்னு நெனச்சேன்.”

நீ சொன்னதில் பொய் இல்லை. இரண்டு தடவை கூப்பிட்டாய், இரண்டு தடவையும் கடையைக் காட்டினேன். உண்மையில் கடை ஒரு சாக்கு. மேடையில் விளக்குக்கு நேரே உட்கார எனக்குப் பயம். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் வராதவனுக்குப் பதில் ஆள் வைப்பது வேறு, வந்து வாசித்தவனை அழிப்பது வேறு. இதை அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “போ” என்றேன். நீ டிக்கெட் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போனாய்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் உன்னைப் பஸ்ஸில் பார்த்ததோடு சரி. கீழ்பென்னாத்தூர் பஸ் கடையைத் தாண்டுகிறபோது படிக்கட்டில் நிற்பாய். நான் லென்ஸைத் துடைப்பேன். நீ செத்துப்போனதைக்கூட வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாலை வாங்கிக்கொண்டு வந்தேன். நெட்டையர் தன் ஊரிலிருந்து உனக்கு அஞ்சலியாக ஒரு வீடியோ போட்டிருந்தார். சாவு வீட்டில் உன் மகள் அதைப் போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அதில் அவர் கண்ணை மூடி வாசித்தது என் வாசிப்பு. விரல் வைத்த இடம்கூட மாறவில்லை. சாவு வீட்டில் என்ன பேசுவது? கூடச் சேர்ந்து கேட்டேன்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டுதான் நேற்று கலாவிடம், “இருக்கிறது இருக்கிறபடியே போடறதா இருந்தா எடுத்துக்கிட்டுப் போம்மா. கிட்டார எடுக்கிறதா இருந்தா ஒண்ணுகூடத் தர மாட்டேன்” என்றேன். அந்த அறுபத்துமூன்றில்தான் நான் இன்னும் இருக்கிறேன். வேறெங்கும் இல்லை. அதையும் சுத்தமாக எடுத்துவிடலாம் என்று என்னிடமே வந்து கேட்டால் எப்படி?

கலா அழவில்லை. வாங்கி வைத்த டீயைக் குடிக்கவும் இல்லை.

“உங்களுக்குத் தெரியாதாண்ணா? போன வருசம் அவரு மறுபடி வந்தாரு. ஒரு வாரம் ரெண்டு பேரும் உக்காந்தாங்க. ஒரு பாட்டுகூட ஆவல. இவரு ரைட் ரைட்னு சொல்லிட்டே இருக்காரு, அவரும் வாசிக்கிறாரு, எங்கயோ இடிச்சுக்குது. இவரு எந்திரிச்சு வந்துட்டாரு. அதோட ஆர்கன தொடச்சு பீரோவுல வெச்சவருதான், தொடவே இல்ல. அதனாலதான் உங்களுது கேக்கறாங்க. வேற ஒண்ணுமே இல்ல எங்ககிட்ட.”

“எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றேன்.

“நீங்கதான் ‘போ’ன்னு சொல்லிட்டீங்களாமே” என்றாள்.

மஞ்சப்பையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். உன் ஆர்கனைப் பணயமாக வைத்துவிட்டுப் போனாளா, எனக்கென்றே கொண்டுவந்தாளா என்று கேட்கவில்லை.

கலாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீயும் அதை அவளிடம் சொல்லவில்லை என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது. அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், மற்றதெல்லாம் வழியில் ஏறிக்கொண்டது.

நாளைக் காலை பென் டிரைவில் அறுபத்துமூன்றையும் போட்டு உன் வீட்டில் கொடுத்துவிடுவேன். கிட்டாரை எடுப்பார்களோ வைப்பார்களோ, அவர்கள் பாடு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் கேட்டபோது நீ சொன்ன அந்த ‘சரி’ இன்னும் என் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது. ஆனால் இனிமேலும் உன் பாட்டை வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒருமுறை உட்கார்ந்திருந்தேன்.

நான் ‘போ’ என்று சொன்ன வாரம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டி, உள்ளே இருந்தேன். நீ வந்தாய். இரண்டு தட்டு தட்டினாய். அன்று செருப்பை வெளியிலேயே கழற்றிப் போட்டிருந்ததால் நான் உள்ளே இருப்பது உனக்குத் தெரியும். படியில் உட்காருகிற சத்தம் கேட்டது. கிராம்பைக் கடித்திருப்பாய். பிறகு, ஷட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “போலாம் ரைட்” என்றாய். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாய், தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை. நீயே ஆரம்பித்தாய். தனியாக வாசித்தாய். மடியில் கிட்டார் இருந்தது. வெறும் கால் தானாகவே தரையில் தட்டப் போனது. முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது, பத்து, பதினொன்று. தலைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நீ மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்தினாய். என் தட்டுக்காகத்தான் நிறுத்தினாய். ஒரு தட்டு போதும், நீ திரும்பியிருப்பாய். ஷட்டர் தகரம் அவ்வளவு மெல்லிசு, உன் மூச்சு நின்றதுகூட எனக்குக் கேட்டது.

நான் தட்டவில்லை.